ஒரு மிதவைக்கு 400 முடிச்சு

மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா இரண்டு கைகளையும் உதறிக்கொண்டே உட்கார்ந்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துருது டாக்டரம்மா. கை மரத்துப் போகுது. உதறுனாத்தான் உசிரு வருது." சுண்டுவிரலில் ஒன்றுமில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த மூன்றிலும்தான் மதமதப்பு. என்ன வேலை என்று கேட்டேன். "பாசி கட்டுறேன்."

ராமநாதபுரத்தில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு அந்த இரண்டு சொல்லே பாதி நோயைச் சொல்லிவிட்டது.

பாக் விரிகுடாவில் கப்பாபைகஸ் என்கிற கடற்பாசியை மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்கள். 12க்கு 12 அடி மிதவை. அதில் 20 கயிறு. கயிறு ஒன்றுக்கு 20 இடத்தில் விதைப்பாசியைத் துண்டு துண்டாகக் கட்ட வேண்டும். ஆக, ஒரு மிதவைக்கு 400 முடிச்சு. 45 நாளில் அறுவடை. அறுத்ததும் மறுபடியும் கட்ட உட்கார வேண்டும்.

நேரில் பார்க்கலாம் என்று ஒரு நாள் காலையில் போனேன். மணலில் ஏழெட்டுப் பெண்கள், சிலர் கால் நீட்டி, சிலர் குத்தவைத்து. கயிறு தரையில் கிடந்தது. அதனால் எல்லார் முதுகும் வில்லாக வளைந்திருந்தது. கழுத்து தொங்கியிருந்தது. மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியே இருந்தது.

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான சந்து இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டை மடக்கியபடி விரல்நுனியால் இறுக்கிப் பிடித்தால் சந்துக்குள் அழுத்தம் ஏறும். ஒரு நாள் என்றால் தாங்கும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான முடிச்சு என்றால் நாண்களின் உறை தடித்து நரம்பை நெரிக்கும். கார்ப்பல் டனல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அதனால் அது தப்பித்துக்கொள்கிறது. ரத்தம் குறைவு, வாயு என்று நினைத்துப் பல மாதம் தள்ளிப்போட்டு, கட்டைவிரலடிச் சதை வற்றிய பிறகு வருகிறவர்களைப் பார்த்தால் மனது கனத்துவிடும். அந்தச் சதை முழுதாகத் திரும்புவது கடினம்.

அப்புறம் குறுக்கு வலி. இது வலை இழுப்பவர், ஐஸ் பெட்டி தூக்குபவர், உப்பளத்தில் வேலை செய்பவர் எல்லாருக்கும் பொது. முதுகெலும்புக்கு இடையிலுள்ள தட்டுகள் இரவில் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் விழும் பாரம் மற்ற நேரத்தைவிட அதிகம். நம் கரையிலோ விடிவதற்கு முன்பே குனிந்து தூக்கும் வேலைதான் முதலில் வருகிறது. கொஞ்ச நேரம் நடந்து, கயிறு எடுத்துவைப்பது போன்ற நிமிர்ந்து செய்யும் வேலைகளை முதலில் முடித்துவிட்டு, பாரத்தைப் பிறகு தொடுங்கள்.

பாரத்தை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் தொழில்நலக் கழகம் 1991இல் திருத்திய தூக்கும் கணக்கின்படி, எல்லாம் சாதகமாக அமைந்தாலே 23 கிலோதான் வரம்பு. கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தள்ளியிருக்கும் பாரம் 50 செ.மீ. தள்ளிப்போனால் அந்த வரம்பு பாதியாகிவிடும். ஈரம் சொட்டும் பாசி மூட்டையைச் சேலை நனையக்கூடாதென்று கை நீட்டித் தூக்குகிறோமே, அதுதான் இது. மூட்டையைப் பாதி நிரப்புங்கள். இல்லையென்றால் கம்பு கோத்து இரண்டு பேராகத் தூக்குங்கள்.

இன்னொன்று, கடையில் வாங்கும் வலி மாத்திரை. ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அந்த உடம்பில் வலி மாத்திரை தினமும் விழுந்தால் சிறுநீரகம் கெடும், வயிற்றில் புண் வரும். குறுக்கு வலியோடு சிறுநீர் போக முடியாமலோ, தொடையிடுக்கு மரத்தோ போனால் என்னிடம் வரவேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தொழிலுக்கு வந்த முதல் சில ஆண்டுகள் நானும் ஒத்தடம், பயிற்சி என்று கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே அதே வலியோடு வருவார்கள். அவர்களுடைய வேலையில் நான் எதையுமே மாற்றவில்லையே!

இந்த முறை கரையில் உட்கார்ந்து எல்லாருமாக யோசித்தோம். இரண்டு சவுக்குக் கம்பை நட்டு, ஆணி அடித்து, கயிற்றைக் கொடிபோல இழுத்துக் கட்டினோம். கவிழ்த்த மீன் பெட்டிதான் இருக்கை. கயிறு முழங்கை உயரத்துக்கு வந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது, மணிக்கட்டும் நேரானது. இரண்டு கயிறு முடிந்ததும் எழுந்து விதை எடுத்துவரும் வேலையை மாற்றிக்கொள்வது என்றும் பேசிக்கொண்டார்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைக்க அக்காவுக்கு ஒரு பட்டையும் கொடுத்தேன்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது அக்கா இப்போது விடியும்வரை தூங்குவதாகச் சொன்னார். கம்பத்தில் நாங்கள் அடித்த ஆணிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் புதிதாக இரண்டு ஆணி இருந்தன. "ஏன்க்கா?" என்றேன். "எல்லார் முழங்கையும் ஒரே ஒசரத்துலயா இருக்கு?" என்றார், கயிற்றைக் கீழ் ஆணிக்கு மாற்றிக்கொண்டே.