கைப்பட்டைக் காந்தமும் கட்டைவிரல் துள்ளலும்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. நடக்கிறார், பேசுகிறார், வலக்கை மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. தலைக்கு வெளியே காந்தம் வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை இருக்கிறது என்று யாரோ சொல்ல, அதற்குள் உறவினர் ஒருவர் காந்தக் கைப்பட்டை ஒன்றை வாங்கிவந்து கட்டியும் விட்டாராம். “இரண்டும் காந்தம்தானே?” என்று கேட்கிறார்.

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் காரணம் அவ்வளவு அழகானது, விட மனமில்லை.

வலக்கையை ஆட்டுவது இடப்பக்க மூளை என்பது பள்ளியிலேயே படித்தது. அந்தப் பக்கத்தில் ரத்தம் தடைபட்டுச் செல்கள் மடிந்தால் கை துவண்டுவிடும். மிஞ்சிய செல்களை வெளியிலிருந்து தட்டி எழுப்ப முடியுமா? 1980இல் லண்டனில் மெர்ட்டன், மோர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் தலைத்தோல் வழியே மின்னதிர்வு கொடுத்துப் பார்த்தார்கள். கை துடித்தது, கூடவே நல்ல வலி. மண்டையோடு மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது. தோலும் தசையும்தான் அடியை வாங்கிக்கொள்கின்றன.

காந்தப்புலத்துக்கு எலும்பு ஒரு தடையே இல்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் என்ற ஆய்வாளர் அதைப் பிடித்துக்கொண்டார். செம்புக் கம்பிச் சுருளைத் தலைமேல் வைத்து, ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தைக் கண்ணிமைப்பதற்கும் மிகக் குறைந்த நேரத்தில் பாய்ச்சினார். ‘டக்’ என்று ஓர் ஓசை. எதிர்ப்பக்கத்துக் கட்டைவிரல் துள்ளியது. வலி இல்லை.

இங்கேதான் இயற்பியலாளர் மைக்கேல் ஃபாரடே வருகிறார். அவர் 1831இல் கண்டது இதுதான்: காந்தம் சும்மா இருந்தால் மின்சாரம் பிறக்காது, காந்தப்புலம் மாறினால்தான் பிறக்கும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வலுவாகப் பிறக்கும். எம்ஆர்ஐ குழாய்க்குள் படுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். 3 டெஸ்லா (காந்தப்புலத்தின் வலுவை அளக்கும் அலகு) காந்தத்தின் நடுவே அரைமணி நேரம் கிடந்தும் அந்தக் காந்தத்தால் ஒரு விரல்கூட அசைவதில்லை. பார்க்கரின் சுருள் தருவதோ சுமார் 2 டெஸ்லா. ஆனால் அது பூஜ்யத்திலிருந்து உச்சிக்கு ஏற விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். அந்தப் பாய்ச்சலில்தான் மூளையின் மேற்பரப்பில் மின்சாரம் ஊறி, நரம்புச் செல்களைத் தூண்டிச் செயல்பட வைக்கிறது. கைப்பட்டையில் இருப்பது நாள் முழுக்க அசையாத காந்தம். எம்ஆர்ஐக் காந்தத்தின் சிறு துளிகூட இல்லை. ‘ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே, அதை இழுக்குமே’ என்பார்கள் விற்பவர்கள். ரத்தத்தின் இரும்பு ஆணி இரும்பைப் போல ஈர்க்கப்படுவதில்லை. அப்படி ஈர்க்கப்பட்டால் எம்ஆர்ஐ எடுத்தவர் யாரும் வீடு திரும்பியிருக்க மாட்டார்.

சரி, துள்ள வைத்தால் குணமாகுமா? விநாடிக்கு ஒன்று என்று மெதுவாகத் தட்டினால் அந்த இடம் பொதுவாக அடங்குகிறது. ஐந்தும் அதற்கு மேலும் தட்டினால் கிளர்கிறது. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டிருப்பவை. பக்கவாதத்துக்குப் பின் நல்ல பாதியின் கை ஓங்கிவிடுகிறது, அதைச் சற்று அடக்கினால் நொந்த பாதி தலைதூக்கும் என்பது கணக்கு. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! அமெரிக்காவில் 199 பேரிடம் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மைத் தூண்டல், மற்றதற்குப் போலித் தூண்டல். இருவருக்கும் தீவிரக் கைப்பயிற்சி. 2018இல் வெளிவந்த முடிவு: இரண்டு குழுவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நன்றாகத் தேறியிருந்தார்கள். வித்தியாசம் இல்லை.

எனக்கு அந்த முடிவு தோல்வியாகப் படவில்லை. பயிற்சியோடு போலித் தூண்டல் மட்டும் பெற்றவர்களிலும் அத்தனை பேர் தேறியிருக்கிறார்களே! ஒன்றிரண்டு மில்லியாம்பியர் மின்சாரத்தை மெல்லச் செலுத்தும் இன்னொரு முறையும் உண்டு; இங்கே சிங்கப்பூரில் அரசு ஆராய்ச்சி அமைப்பான ஏஸ்டாரின் ஆய்வாளர்கள் அதை மூளை–கணினி இணைப்போடு (மூளையின் சமிக்ஞைகளைக் கணினி படித்தறியும் முறை) சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். அத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் தாராளமாகவே போகட்டும். ஆனால் நிதி கொடுப்பவர்கள் கருவிக்கு ஒரு வெள்ளி ஒதுக்கினால் பிசியோதெரபி நேரத்துக்கு இரண்டு வெள்ளி ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

துள்ளலுக்கு வேறொரு பயன் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆய்வாளர் கேத்தி ஸ்டினியரின் குழு பக்கவாதம் வந்த முதல் வாரத்திலேயே சுருளை வைத்து, துவண்ட கையில் சிறு தசைத்துடிப்பாவது பதிவாகிறதா என்று பார்க்கிறது. பதிவானால் மூளையிலிருந்து கைக்குப் போகும் பாதை அறுபடவில்லை. கை தேறும் வாய்ப்பு அதிகம்.

ஈசூன் வாசகிக்கு: ஆய்வில் சேர அழைப்பு வந்தால், தலைக்குள் உலோகம், காதுக்குள் பொருத்திய கருவி, முன்பு வலிப்பு வந்தது எதையும் மறைக்காதீர்கள். கூடவே எத்தனை மணிநேரப் பயிற்சி தருவார்கள் என்றும் கேளுங்கள். கைப்பட்டை மாமியாருக்குப் பிடித்திருந்தால் இருக்கட்டும், இடக்கைக்கு மாற்றிவிடுங்கள். கொக்கியை மட்டும் நீங்கள் மாட்டிவிடாதீர்கள். தினமும் காலையில் வலக்கை விரல்களால் அவரே மாட்டிப் பார்க்கட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும்.