பட்டாளத்துக் காது என்று விட்டுவிடாதீர்கள்

முன்னாள் படைவீரர்கள் மிகுதியாக வரும் ஒரு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை அறுவைப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களின் வீடுகள் உண்டு. அவர்களில் பலருக்குக் காது மந்தம் என்பதும் ஊரறிந்த செய்தி. அந்த ஊரறிந்த செய்திதான் இப்போது அவர்களுக்கு ஆபத்தாகிக்கொண்டிருக்கிறது.

அண்மையில் வந்தவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்தாற்போல இருந்திருக்கிறது; கூடவே இரைச்சல், இலேசான தலைசுற்றல். எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. "அவுகளுக்குப் பட்டாளத்துலயே காது போயிட்டு டாக்டரம்மா, துப்பாக்கிச் சத்தம்லா" என்றார் அவருடைய மனைவி. இதே விளக்கத்தை, இதே தாமதத்தோடு, வெவ்வேறு வீட்டாரிடம் கேட்டுக் கேட்டு மனம் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

துப்பாக்கிச் சத்தம் காதைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபல் சத்தத்தில் இருந்தாலே உட்காது நாளடைவில் பழுதாகும். ஒரு ரைஃபிளின் வெடிச்சத்தமோ 140 டெசிபலைத் தாண்டும். ஆனால் அந்தச் சேதத்துக்கென்று ஒரு போக்கு இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு காதுகளிலும் இருக்கும். வலக்கையால் சுடுபவர்களுக்கு, துப்பாக்கி வாய்க்கு நேராக இருக்கும் இடது காது சற்றுக் கூடுதலாகப் பாதிக்கப்படும். கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்தால், 4000 ஹெர்ட்ஸ் என்னும் கீச்சு ஒலிப் பக்கத்தில் ஒரு பள்ளம் தெரியும். எங்கள் பிரிவில் அந்தக் கோட்டைப் பார்த்தே பலருடைய பணியை ஊகித்துவிடுவோம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, சத்தத்தை விட்டு விலகிய பின் சத்தத்தால் வந்த குறை ஏறக்குறைய அதே அளவில் நின்றுவிடும் என்பது. வயது கூடக் கூடக் கொஞ்சம் மெதுவாக இறங்கலாம். அருகில் குண்டு வெடித்து ஒரே நொடியில் காது போவதும் உண்டு, ஆனால் அது வெடித்த அன்றே தெரிந்துவிடும். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் வீட்டில் இருந்த ஒருவருக்கு, ஒரே இரவில், ஒரே காதில் கேள்வி, அதாவது கேட்கும் திறன், போனால் அதற்குத் துப்பாக்கி காரணமாக இருக்கவே முடியாது. அது புதிய நோய்.

மூன்று நாளுக்குள் இப்படி நரம்புவழிக் கேள்வி சட்டென்று இறங்குவதைக் காது மருத்துவத்தில் அவசர நிலையாகவே நாங்கள் கருதுகிறோம். காரணம் பல நேரங்களில் பிடிபடுவதில்லை. ஆனாலும் ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாள்களிலேயே, தவறினால் இரண்டு வாரத்துக்குள்ளாவது தொடங்கினால் கேள்வி திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிந்தி வருபவர்களுக்குச் செவிப்பறை வழியாக ஊசி போட்டுப் பார்க்கிறோம். அதுவும் ஆறு வாரம் வரைதான். அதன் பிறகு கேள்வியை மருந்தால் மீட்க எங்கள் கையில் ஒன்றும் இல்லை.

அந்த முதல் நாள்கள் எங்கே போகின்றன என்று விசாரித்தால், பெரும்பாலும் எண்ணெயில் போயிருக்கின்றன. பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், அக்கம்பக்கத்தார் சொன்ன சாறு என்று ஒவ்வொன்றாகக் காதுக்குள் விடுகிறார்கள். செவிப்பறைக்கு வெளியே ஊற்றுவது உட்காதின் நரம்புக்கு எப்படிப் போய்ச் சேரும்? செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கோ அதே எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க வைக்கிறது. "எங்க அண்ணாச்சிக்கு எண்ணெய் விட்டுத்தானே சரியாச்சு" என்று வாதாடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோயில் சிலருக்கு மருந்தே இல்லாமல் கேள்வி தானாகத் திரும்புவது உண்டு. உங்கள் அண்ணாச்சி அப்படிப்பட்டவராக இருந்திருப்பார். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சாரல் காலத்தில் இன்னொரு சாக்கு சேர்ந்துகொள்கிறது: குற்றால அருவியில் குளித்தேன், தண்ணீர் போய்விட்டது, தானாக வடியும் என்பார்கள். தண்ணீர் அடைப்பா, அழுக்கா, நரம்பா என்பதை இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்து ஒரு நிமிடத்தில் ஓரளவு பிரித்தறிந்துவிடலாம். நரம்பு என்றால் ஒலி நல்ல காதில் கேட்கும். அடைப்பு என்றால் கெட்ட காதிலேயே கேட்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகவாவது வந்துவிடுங்கள். காதில் ஏற்கெனவே ஓட்டை இருப்பது தெரிந்தவர்கள் அருவிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது.

ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றே, முடியாவிட்டால் மறுநாளே காது மருத்துவரிடம் போக வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் வரிசையில் நிற்பவர்கள் "காது கேக்கல" என்று மட்டும் சொன்னால், பழைய மந்தம் என்று எண்ணிக் காத்திருக்க வைத்துவிட இடமுண்டு. எந்தத் தேதியில், எந்தக் காதில் கேள்வி போனது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பழைய ஆடியோகிராம் இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மறைக்காதீர்கள், ஏனென்றால் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்; அதைக் கவனித்துக்கொண்டே மருந்து தர எங்களால் முடியும். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, கைகால் தளர்வது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் காது மருத்துவரைத் தேட வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கேள்வி திரும்பிவிட்டாலும், ஒரு காது மட்டும் போனதற்குக் கேள்வி நரம்பில் கட்டி ஏதும் காரணமா என்று பார்க்க எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வோம், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

வீட்டில் இருக்கும் பெண்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பட்டாளத்தில் இருந்தவர்கள் வலியையும் குறையையும் எளிதில் வாய்விட்டுச் சொல்வதில்லை. போனை வழக்கத்துக்கு மாறாக மற்றக் காதில் வைத்துப் பேசுகிறார்களா, கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்புகிறார்களா என்று பாருங்கள். அப்படித் தெரிந்தால் அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை காத்திராமல் அழைத்து வந்துவிடுங்கள்.