கடைசி இடத்துக்கு என்ன விலை?

2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸுக்குப் பத்தாவது இடம். மொத்த அணிகளே பத்துதான். குமரிக் கடற்கரையில் தூத்தூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் பேச்சு அதைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தபோது, பந்து விளையாடிவிட்டு வந்த பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணே, நம்ம டூர்ணமெண்ட்ல ஒரு மேட்ச் தோத்தாலே மூட்டையக் கட்டணும். இவங்க கடைசில வந்தும் அடுத்த வருசம் ஆடுவாங்களா?”

ஆடுவார்கள். ஏனென்றால் ஐபிஎல்லில் அணி என்பது விலை கொடுத்து வாங்கிய நாற்காலி. 2021-ல் லக்னோ அணிக்காக 7,090 கோடி ரூபாய் கொடுத்தார்கள். தோற்றால் நாற்காலி பறிபோகும் என்றால் அந்த விலைக்கு யார் வருவார்கள்? இதுதான் மூடிய லீக்.

இங்கிலாந்துக் கால்பந்தில் நாற்காலி யாருக்கும் சொந்தமில்லை. 1888-ல் 12 கிளப்புகளோடு தொடங்கிய லீக் அது. 1892-ல் இரண்டாம் டிவிஷன் வந்தது. மேலே கடைசியில் நின்றவர்களையும் கீழே முன்னால் வந்தவர்களையும் முதலில் மோதவிட்டுப் பார்த்தார்கள். 1898-லிருந்து மோதலே வேண்டாம், பட்டியலில் நிற்கும் இடமே போதும் என்றாகிவிட்டது. இன்று மேல்படியான பிரீமியர் லீக்கின் 20 அணிகளில் கடைசி மூன்று கீழே இறங்கும், கீழிருந்து மூன்று மேலே ஏறும். அதனால் 17-வது இடத்துக்கான ஆட்டத்தையும் ஜனங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். 2014-ல் ஐந்தாம் படியில் இருந்த லூட்டன் டவுன் 2023-ல் பிரீமியர் லீக்கைத் தொட்டது. அடுத்த ஆண்டே இறங்கியும் விட்டது.

இந்த ஏணிக்கு வாடகை அதிகம். எப்படியாவது ஏறிவிடலாம் என்று இரண்டாம் படியில் இருப்பவர்கள் கடன் வாங்கி வீரர்களைச் சேர்க்கிறார்கள். பல சீசன்களில் அங்குள்ள கிளப்புகளின் மொத்தச் சம்பளம் மொத்த வருமானத்தையே தாண்டியிருக்கிறது. வலையில் என்ன விழும் என்று தெரியாமல் டீசலுக்குக் கடன் வாங்கிக் கடலுக்குப் போகிற கதைதான். இறங்கிய அணி ஒரேயடியாக நொறுங்கிவிடாமல் இருக்கச் சில ஆண்டுகளுக்கு உதவித்தொகையும் உண்டு. அதற்குப் ‘பாராசூட்’ பணம் என்றே பெயர்.

அமெரிக்கர்களின் கணக்கு வேறு. அவர்கள் பாணிக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் தேசியத் தொலைக்காட்சிப் பணத்தை 32 அணிகளும் சமப் பங்காகப் பிரித்துக்கொள்கின்றன. சம்பளத்துக்கு உச்சவரம்பு. கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை, கடைசியில் வந்த அணிக்கு. நலிந்தவன் நிமிரட்டும் என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் இதில் ஒரு ஓட்டை. கடைசியில் வந்தால் லாபம் என்றால் தோற்பதே புத்திசாலித்தனம் அல்லவா? கூடைப்பந்தில் இந்த நோய் முற்றியதால் என்பிஏ 1985-ல் குலுக்கலைக் கொண்டுவந்தது. 2019-ல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் வாய்ப்பு கிடைக்கும் சாத்தியத்தைத் தலா 14 சதவீதமாக ஆக்கினார்கள். கீழே தள்ளிவிடும் லீக்கில் இந்தத் தலைவலியே கிடையாது.

நம் கதைக்கு வருவோம். 2014-ல் ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து, மூடிய லீக்காகவே பிறந்தது. கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி, பழைய தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் 2018-19 கோப்பையை ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி வென்றது. ஆனாலும் ஐஎஸ்எல்லுக்குப் போக வழியில்லை. அதே அணியில் ஆடிய, தூத்தூருக்குப் பக்கத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் மட்டும் 2018-லேயே ஜாம்ஷெட்பூருக்குப் போய் ஐஎஸ்எல்லில் ஆடிவிட்டார். மூடிய லீக்கில் ஆள் ஏறலாம், அணி ஏற முடியாது. எனக்கு இதுதான் உறுத்துகிறது. ஊர் தன் பையனை டிவியில் பார்க்கலாம், தன் கொடியைப் பார்க்க முடியாது. பிறகு கதவு திறந்தது. ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் 2023-லும் முகமதன் ஸ்போர்ட்டிங் 2024-லும் மேலே ஏறின. அவற்றுக்கு இடம்விட்டு யாரும் கீழே இறங்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: சென்னையின் கிரிக்கெட் டிவிஷன் லீக்கில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல்லில் இல்லை. இரண்டிலும் ஆடுவது பெரும்பாலும் அதே பையன்கள்தான்.

கடைசி இடம் பிடித்த சென்னை சூப்பர் கிங்ஸ், அதே ஆண்டு நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்து, கேரள எல்லைக்கு அந்தப்பக்கம் விழிஞ்ஞம் கடற்கரைக்காரரான சஞ்சு சாம்சனை வாங்கியது. டீக்கடைப் பையன் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.