விசிட் விசா: முடிந்த நாளுக்கு மறுநாள்

கிழக்கிலங்கையில் காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் அக்கரைப்பற்றிலும் சப் ஏஜென்ட்மார் சொல்வது ஒன்றுதான்: "முதல்ல விசிட்ல போங்க, அங்க போனதும் கம்பனி விசாவ மாத்தித் தரும்." மாற்றித் தராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

துபாய்க்கான விசிட் விசா 30 நாள் அல்லது 60 நாள். காலம் முடிந்த பிறகு முன்பு கிடைத்த 10 நாள் சலுகையை 2023இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது நாளொன்றுக்குத் தண்டப்பணம் 50 திர்ஹம். திர்ஹத்தை 80 இலங்கை ரூபாயாகப் பார்த்தால் ஒரு நாளைக்கு 4,000 ரூபாய். 180 நாள் ஒளித்திருந்தவருக்கு 9,000 திர்ஹம், அதாவது 720,000 ரூபாய். நகையை ஈடுவைத்து ஏஜென்டுக்குக் கொடுத்த காசு இதற்குள் அடங்காது.

தண்டத்தைவிட மோசமானது சம்பளம் கிடைக்காமல் போவது. விசிட் விசாவில் வேலை செய்வதே அங்கே குற்றம். அனுமதியில்லாமல் ஆள் வைத்திருக்கும் முதலாளிக்கு 100,000 முதல் 10 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் என 2024இல் சட்டம் திருத்தப்பட்டது. சோதனை வந்தால் "இவரை எனக்குத் தெரியாது" என்று சொல்வதுதான் அவருக்கு இலாபம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனவருக்கு இங்குள்ள காப்புறுதியும் கிடையாது.

மற்ற நாடுகளும் இளக்கமானவை அல்ல. மலேசியாவில் விசா நாள் கடந்து தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத தண்டம், அல்லது 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 90 நாளைத் தாண்டினால் சிறையோடு ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. தாய்லாந்தின் விதியைக் கவனித்துப் படியுங்கள். தானாக விமான நிலையத்துக்குப் போய் வெளியேறுபவர் 90 நாளுக்குள் என்றால் தண்டத்தோடு போய்விடலாம், மீள்நுழைவுத் தடை இல்லை. அதே ஆள் வீதியில் பிடிபட்டால் ஒரு நாள் கடந்திருந்தாலும் 5 வருடத் தடை.

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஷெங்கன் விசாவில் பலர் ஏமாறுவது திகதியைப் பார்த்துத்தான். ஸ்டிக்கரில் ஜூன் 1 முதல் 30 வரை என்றிருக்கும். கீழே தங்கும் காலம் 15 நாள் என்றிருக்கும். ஜூன் 3இல் இறங்கியவர் 17ஆம் திகதிக்குள் வெளியேற வேண்டும். இறங்கிய நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். 30ஆம் திகதி வரை இருக்கலாம் என்று நினைத்தால் 13 நாள் மிகுதியாகிவிடும்.

போகுமுன் ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா எனப் பணியகத்தின் 1989க்கு அழைத்தோ, பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். விசாவையும் பாஸ்போட்டையும் படமெடுத்து வீட்டாருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.

ஏற்கெனவே நாள் கடந்துவிட்டதா? பொதுமன்னிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அமீரகம் 2024 செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை ஒன்று கொடுத்தது. அடுத்தது எப்போதென்று யாராலும் சொல்ல முடியாது, 50 திர்ஹம் மட்டும் தினமும் ஏறும். பாஸ்போட் ஏஜென்டின் கையில் இருந்தால், அல்லது தொலைந்திருந்தால், இலங்கைத் தூதரகத்தில் தற்காலிகப் பயண ஆவணம் கேட்கலாம். "ஊருக்கு வந்து புதுப் பாஸ்போட் எடுத்தால் பழையது தெரியாது" என்பது வெறும் பேச்சு. கைரேகையும் கண்ணும் அங்கே பதிவில் இருக்கின்றன. பிரித்தானிய விசா விண்ணப்பத்தில் பழையதை மறைத்துப் பொய் எழுதியது தெரிந்தால், அதற்கென்றே தனியாக 10 வருடத் தடை.