மெசேஜுக்குள் ஜாவா கிளாஸை அனுப்பாதீர்கள்

சர்வர்கள் க்யூ என்ற வரிசை வழியாகத் தகவல் அனுப்பிக்கொள்ளும் மெசேஜிங் சிஸ்டத்தின் கோட் ரிவ்யூவுக்கு உட்கார்ந்தால் நான் முதலில் திறப்பது மெசேஜ் கிளாஸைத்தான். த்ரெட் பூல், கனெக்‌ஷன் எல்லாம் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். க்யூவில் ஏறிவிட்ட மெசேஜை மாற்ற முடியாது. அனுப்பிய சர்வர் புது வெர்ஷனுக்குப் போயிருக்கும். மெசேஜ் பழைய வடிவத்திலேயே காத்துக் கிடக்கும்.

இதை யோசிக்காமல், கையில் இருக்கும் ஆர்டர் ஆப்ஜெக்டை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். ஜாவாவின் மெசேஜிங் ஏபிஐயான ஜேஎம்எஸ்ஸில் அதற்கென்றே ஆப்ஜெக்ட்மெசேஜ் உண்டு. வசதிதான். ஆனால் கிளாஸின் வெர்ஷனைக் காட்டும் எண்ணான சீரியல் வெர்ஷன் யுஐடியை நாமே எழுதி வைக்காமல் அந்தக் கிளாஸில் ஒரு ஃபீல்டைச் சேர்த்தால், மறுமுனையில் இன்வேலிட் கிளாஸ் எக்செப்ஷன்தான். பாதுகாப்பு அதைவிடப் பெரிய கவலை. அந்த பைட்டுகளைப் பிரிக்கும்போது எந்தக் கிளாஸ் உருவாக வேண்டும் என்பதை அனுப்புபவரே தீர்மானிக்கிறார். ஜாவா லைப்ரரியான காமன்ஸ் கலெக்‌ஷன்ஸின் பழைய வெர்ஷன் கிளாஸ்பாத்தில் இருந்தாலே, வெளியாள் நம் சர்வரில் தன் கட்டளையை ஓட்டலாம் என்பது 2015இல் ஊரறிந்த விஷயமானது. ஆப்ஜெக்ட்மெசேஜில் இருந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆக்டிவ்எம்க்யூ என்ற மெசேஜ் சர்வர் நம்பகமான பேக்கேஜ்களின் பட்டியலைக் கேட்க ஆரம்பித்தது.

“நாங்கள் வெறும் டெக்ஸ்ட் வடிவமான ஜேசான்தான் அனுப்புகிறோம்” என்பவர்களும் முழுக்கத் தப்பவில்லை. காஃப்கா மெசேஜிங் சிஸ்டத்துக்கான ஸ்பிரிங் காஃப்கா லைப்ரரியின் ஜேசான் சீரியலைசர், நாம் நிறுத்தி வைக்காவிட்டால், டைப்ஐடி ஹெடரில் ஜாவா கிளாஸின் முழுப் பெயரையும் சேர்த்தே அனுப்பும். ஒரு டீமில் பேக்கேஜ் பெயரை ஒழுங்குபடுத்தினார்கள். ஐடிஇயில் ஒரே ரீஃபேக்டர், டெஸ்ட் எல்லாம் பாஸ். ரிலீஸுக்குப் பிறகு, பழைய பெயரோடு டாபிக்கில் (காஃப்காவில் மெசேஜ்கள் கிடக்கும் இடம்) கிடந்த ஒரு மெசேஜை, பெறும் புரோகிராமான கன்ஸ்யூமர் எடுத்தது. அப்படி ஒரு கிளாஸே இல்லை என்று எர்ரர். எதுவரை படித்தாயிற்று என்று குறிக்கும் ஆஃப்செட் நகரவில்லை. திரும்பவும் அதே மெசேஜ், அதே எர்ரர். லாக் முழுக்க ஒரே வரி. டாபிக்கின் அந்தப் பகுதியில், அதாவது பார்டிஷனில், பின்னால் வந்த ஆர்டர்கள் அத்தனையும் தேங்கிவிட்டன.

அதனால் மெசேஜை உறை, உள்ளடக்கம் என்று பிரித்துவிடுங்கள். உறையில் ஐடி, டைப், வெர்ஷன், நிகழ்ந்த நேரம், தொடர்புடைய மெசேஜ்களை இணைத்துக் காட்டும் கோரிலேஷன் ஐடி. கூரியர்காரர் முகவரியை மட்டும் பார்ப்பதுபோல, ரவுட்டிங், ரீட்ரை, லாகிங் கோட் எல்லாம் உறையோடு நின்றுவிட வேண்டும். டைப் என்பது ‘ஆர்டர்.பிளேஸ்டு’ மாதிரி நாமே வைத்த பெயர், கிளாஸ் பெயர் அல்ல. எந்தப் பெயருக்கு எந்தக் கிளாஸ் என்ற மேப் பெறுபவரிடம் இருக்கட்டும். மேப்பில் இல்லாத பெயர் வந்தால், மெசேஜ், கையாள முடியாதவற்றை ஒதுக்கி வைக்கும் டெட் லெட்டர் க்யூவுக்குப் போகட்டும்.

ஐடி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். வேலையை முடித்துவிட்டு, முடிந்தது என்று அக்னாலட்ஜ் செய்வதற்குள் கன்ஸ்யூமர் விழுந்தால், அதே மெசேஜ் இன்னொரு முறை வரும். ஐடி ஒன்றாக இருந்தால்தான் டூப்ளிகேட் என்று தெரியும். ரீட்ரை செய்யும் மெத்தடுக்குள் புது யுயுஐடி உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புது ஐடி. வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் பிடிக்கப்படுவது இப்படித்தான். ஜேஎம்எஸ் மெசேஜ்ஐடியும் இதற்கு உதவாது, ஒவ்வொரு செண்டுக்கும் ப்ரொவைடர் அதைப் புதிதாகப் போடுகிறது. மெசேஜ் பிறக்கும் இடத்திலேயே, கன்ஸ்ட்ரக்டரில், ஐடி ஒட்டப்பட வேண்டும்.

மெசேஜ் கிளாஸை எழுதுவதற்கு, ஜாவா 16இல் நிரந்தர வசதியாகிவிட்ட ரெக்கார்டு (ஃபீல்டுகளை மாற்ற முடியாத எளிய கிளாஸ்) போதும். உள்ளே லிஸ்ட் இருந்தால், மாற்ற முடியாத நகலைத் தரும் லிஸ்ட்.காப்பிஆஃப் போடுங்கள், ரெக்கார்டு என்பதற்காக உள்ளிருக்கும் லிஸ்ட் மாறாமல் இருந்துவிடாது. தொகையை டபுளில் வைக்காதீர்கள். ஜேசானைப் படிக்கும் லைப்ரரியான ஜாக்சன் 2, தெரியாத ஃபீல்டு வந்தாலே எக்செப்ஷன் எறியும். அதை அணைத்து வைக்காவிட்டால், அனுப்புபவர் ஒரு ஃபீல்டைக் கூட்டிய அன்றே பழைய கன்ஸ்யூமர்கள் நின்றுவிடும்.

அப்புறம், ப்ரொடக்‌ஷனுக்குப் போன ஒவ்வொரு வெர்ஷனிலிருந்தும் ஒரு மாதிரி ஜேசானை, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, டெஸ்ட் ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு பில்டிலும் இன்றைய கோட் அவை அத்தனையையும் படிக்கட்டும். படிக்க முடியவில்லை என்றால் பில்ட் அங்கேயே நிற்கட்டும்.