கடிகாரம் பிசகினால் ஃபோல்டர் ஏன் திறக்காது?

“கடவுச்சொல் சரி, கேபிளும் சரி. ஆனாலும் சர்வரில் உள்ள பொது ஃபோல்டர் ஒரு கணினியில் மட்டும் திறக்கவில்லை. ராசியில்லாத மெஷின் என்று ஒதுக்கிவிட்டார்கள். தேதியைத் திருத்தியதும் திறந்துவிட்டது! என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

ஆயுத பூஜையன்று சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மெஷினுக்கு ராசி பார்ப்பதில்தான் இருக்கிறது.

அவர் அலுவலகத்தில் ஓடுவது லினக்ஸில் சாம்பா. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது தொடங்கிய மென்பொருள். கோப்புகளைப் பகிர்வது அதன் ஆதி வேலை. 2012இல் வந்த 4.0 பதிப்பு முதல், யார் ஊழியர், யார் எந்தக் குழு என்ற பதிவேட்டையும், அதாவது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி செய்யும் வேலையையும், அதுவே பார்க்கும்.

ஆளை அடையாளம் காண்பது மட்டும் கெர்பரோஸ் என்ற சரிபார்ப்பு முறையின் பொறுப்பு. இதன் அழகே தனி: உங்கள் கடவுச்சொல் கம்பியில் ஏறுவதே இல்லை! கணினி அதிலிருந்து ஒரு சாவியை உருவாக்கி, இப்போதைய நேரத்தை அந்தச் சாவியால் பூட்டி அனுப்புகிறது. பதிவேட்டிலும் அதே சாவி உண்டு. பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர் திறந்து பார்க்கிறது. உள்ளே இருப்பது சரியான நேரம் என்றால், பூட்டியவர் நீங்கள்தான். உடனே ஒரு டிக்கெட் வருகிறது. அதைக் காட்டி ஃபோல்டருக்கென்று இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும். இந்த இரண்டாவது டிக்கெட், கோப்புச் சர்வரின் சாவியால் பூட்டப்பட்டது. உங்கள் கையிலேயே கொடுத்தனுப்பும் ஒட்டிய சிபாரிசுக் கடிதம் மாதிரி: சுமப்பது நீங்கள், பிரிக்க முடிவது பெறுபவரால் மட்டும். கோப்புச் சர்வர் யாரையும் விசாரிக்காமல் அதைத் திறந்து நம்பிவிடுகிறது.

வழியில் ஒருவன் அந்தத் தகவலைப் பிரதி எடுத்து மறுபடி அனுப்பினால்? அதற்குத்தான் நேரம். ஒவ்வொரு முறையும் டிக்கெட்டோடு அந்த நொடியின் நேரமும் பூட்டப்பட்டுப் போகிறது. வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் சர்வர் நிராகரிக்கும். அதற்குள் வந்தவற்றை நினைவில் வைத்து, அதே தகவல் இரண்டாம் முறை வந்தால் தள்ளிவிடும். காலவரம்பு இல்லையென்றால் வந்ததையெல்லாம் என்றென்றைக்கும் நினைவில் வைத்திருக்க வேண்டுமே!

கெர்பரோஸ் பிறந்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் படிக்கக் கணினி வலை அமைத்த அதீனா திட்டத்தில். நிதி கேட்டுப் போனால் “உடனடிப் பயன் என்ன?” என்று முதல் கேள்வி கேட்கும் நம் குழுக்கள், இது படிப்புக்கான திட்டத்தில் விளைந்தது என்பதைக் கவனிக்கலாம்.

வாசகருக்கு: எல்லாக் கணினிகளும் சாம்பா சர்வரிடமிருந்தே நேரம் வாங்கும்படி அமையுங்கள். அணைத்து எழுப்பும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போனால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியை மாற்றுங்கள், விலை அதிகமில்லை.