டிரான்சிஸ்டரை மாற்றியதும் நேரடியாக ஆன் செய்யாதீர்கள்

ஆடி மாதம் வந்தால் கடையில் பெஞ்சு கொள்ளாது. கூழ் ஊற்றுகிற இடங்களில் இரவு பகலாக ஓடிய மைக் செட் ஆம்ப்ளிஃபையர்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். போன ஆடியில் வந்தது ஒன்று. வேறு இடத்தில் இரண்டு முறை டிரான்சிஸ்டர் மாற்றி, இரண்டு முறையும் ஒரு நாள்கூடத் தாங்காமல் எரிந்திருக்கிறது.

"போலி டிரான்சிஸ்டரைப் போட்டுட்டாங்கண்ணே" என்றார் மைக் செட்காரர். சந்தேகம் நியாயம்தான், 5200, 1943 என்று நம்பர் போட்ட போலிகள் நிறையப் புழங்குகின்றன. ஆனால் மூடியைத் திறந்ததும் என் கண்ணில் பட்டது ஃபியூஸ். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு டிரான்சிஸ்டரோடு நின்றிருக்க வேண்டிய சேதம் டிரைவர் (பெரிய அவுட்புட் டிரான்சிஸ்டர்களை இயக்கும் சின்ன டிரான்சிஸ்டர்) வரை போனது அதனால்தான்.

கைவைக்கும் முன் மின்தேக்கிகளைக் காலி செய்ய வேண்டும். 32-0-32 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் டிசியாக மாறும்போது பிளஸ், மைனஸ் என்று பக்கத்துக்கு 45 வோல்ட், இரண்டுக்கும் நடுவே 90. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், மின்தேக்கியில் அது அப்படியே நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது சிலருக்குப் பெருமை. நான் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் பிடித்துவிட்டு மீட்டரில் பார்ப்பேன். எஸ்எம்பிஎஸ் (பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக வரும் ஸ்விட்சிங் பவர் சப்ளை) உள்ள செட்டில் இன்னும் கவனம் தேவை, அதன் முதல் மின்தேக்கியில் 325 வோல்ட் வரை நிற்கும்.

மீட்டர் வைத்தால் நான்கு அவுட்புட் டிரான்சிஸ்டரில் இரண்டு பீப் அடித்தன. போர்டில் இருக்கும்போது வரும் பீப்பை அப்படியே நம்ப முடியாது. ஜோடியாக இணைத்திருப்பதால் ஒன்று ஷார்ட் ஆனால் பக்கத்தில் இருப்பதும் ஷார்ட் போலத்தான் காட்டும். கழற்றிப் பார்த்ததில் ஒன்று நன்றாகவே இருந்தது. கூடவே ஒரு டிரைவரும், அவுட்புட் டிரான்சிஸ்டரோடு சீரீஸில் இருக்கும் 0.33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் போயிருந்தன.

எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. முன்பு பார்த்தவர்கள் இந்த இடத்தில்தான் சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். நான் மெயின் லைனில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரீஸில் போட்டேன் (எல்இடி பல்பு இதற்கு உதவாது). உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், கரண்ட் அதற்கு மேல் போகாது. சரியாக இருந்தால் ஒரு கணம் மின்னி, மின்தேக்கிகள் நிரம்பியதும் மங்கிவிடும். பல்பு இருக்கிறதே என்று உள்ளே கைவிடாதீர்கள், ஷாக் அடிப்பதை அது தடுக்காது.

பல்பு மின்னி மங்கியது. அவுட்புட்டில் டிசி 20 மில்லிவோல்ட், குறை சொல்ல எதுவும் இல்லை. அப்படியானால் ஏன் இரண்டு முறை எரிந்தது?

பிளாஸ்டிக் குச்சியால் போர்டை இங்கும் அங்கும் தட்டிக்கொண்டே வந்தேன். பயாஸ் பிரீசெட்டை (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்டான பயாஸைத் திருகி அமைக்கும் ரெசிஸ்டர்) தொட்டதும் பல்பு பளீரென்று எரிந்தது. அந்தப் பத்து ரூபாய் சாமான்தான்! அதன் நடுக்கால் தேய்ந்து, அதிர்வு வரும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகிறது. விட்டதும் பயாஸ் டிரான்சிஸ்டர் வேலையை நிறுத்திவிட, மேலும் கீழும் உள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்த செட் அதிராமல் என்ன செய்யும்?

ஸ்பீக்கரைக் கடைசியில்தான் மாட்டுவேன். அவுட்புட்டில் 45 வோல்ட் டிசி நின்றால், 8 ஓம் ஸ்பீக்கரின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) ஏறக்குறைய 6 ஓம்தான், 7 ஆம்பியருக்கு மேல் பாயும். கோன் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்க, காயில் கருகிவிடும். ஆம்ப்ளிஃபையர் செலவை விட அது பெரிய செலவு.

புது பிரீசெட் போட்டு, 0.33 ஓம் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் வருமாறு திருப்பி வைத்தேன். கணக்குப்படி 30 மில்லிஆம்பியர். அரை மணி நேரம் சூடான பிறகு மறுபடி பார்த்தபோதும் பெரிதாக ஏறவில்லை. அப்புறம்தான் பல்பை எடுத்துவிட்டு, சரியான ஆம்பியரில் கண்ணாடி ஃபியூஸ் போட்டேன்.

"ஒரு பிரீசெட்டுக்கா அண்ணே இவ்ளோ நேரம்?" என்றபடி பணத்தை எண்ணினார். உபரியாக நான்கு ஃபியூஸை அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்பினேன்.